ஒற்றை ஆளாக வந்து இறங்காதீர்கள்

இறையியல் படிப்பை முடித்துச் சேகரங்களுக்குப் புறப்படும் இளம் குருவானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,



மதுரை அரசரடியிலோ பெங்களூரிலோ சென்னை குருகுலத்திலோ படிப்பை முடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வரப்போகிறீர்கள். உங்களில் பலருக்கு எங்கள் பேரப்பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். ஆனாலும் அங்கி போட்டுப் பீடத்தில் ஏறிய நாளிலிருந்து உங்களை நாங்கள் 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும்தான் கூப்பிடுவோம். தெருவில் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கிற கிழவர்கள் எங்கள் சபையில் இன்னும் உண்டு. அந்த மரியாதை உங்களுக்குச் செய்யக்கூடிய கெடுதலைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். திருநெல்வேலிச் சீமையில், பல கிளைச் சபைகள் சேர்ந்த ஒரு கிராமச் சேகரத்தில் நெடுங்காலமாகச் சேகர மன்ற உறுப்பினர். குருவானவர்கள் வருவார்கள், மாற்றல் உத்தரவு வந்ததும் லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு போவார்கள். நாங்கள் இங்கேயே கிடப்போம். வந்தவர்கள் விட்டுப்போனதை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவர்கள் என்பதைத் தவிர உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஒரு குருவானவர் வாய்த்தார். நல்ல உழைப்பாளி. விடிகாலை ஜெபத்துக்குக் கோயிலைத் திறப்பவரும் அவரே, மைக் செட்டைச் சரிபார்ப்பவரும் அவரே, கீபோர்டு வாசிப்பவரும் அவரே. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அவரே பாட்டு எழுதி மெட்டும் போட்டார். வாலிபர்களுக்கு வாட்ஸப் குழு தொடங்கினார். வரவு செலவு நோட்டைத் தன் கையாலேயே எழுதினார், அச்சுப்போலக் கையெழுத்து. சென்னையிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களிடம் பேசி, விதவைத் தாய்மார் சிலருக்கு மாதாமாதம் உதவிப் பணம் வரவழைத்தார். பக்கத்துச் சேகரத்தாரிடம் நாங்கள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தோம்.

பிறகு மாற்றல் வந்தது. அவர் போன மறுமாதமே வாலிபர் கூட்டம் நின்றது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வந்து கோயில் முற்றத்தில் நின்றார்கள். பாட்டுப் பிரதி யாரிடமும் இல்லை. விதவைத் தாய்மாரின் பணம் நின்றுபோனதுதான் பெரிய கொடுமை. அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் எண்கள் எல்லாம் அவருடைய கைப்பேசியில் இருந்தன. அவர் ஒரு ரூபாய்கூட ஏமாற்றவில்லை. ஒருவருக்கும் ஒரு வேலையையும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அத்தனை ஆண்டுகளில் எங்கள் சேகரத்தில் நன்றாக வளர்ந்த ஊழியர் ஒருவர் உண்டென்றால், அது அவர்தான்.

சோம்பேறிக் குருவானவரால் சபைக்கு வருகிற சேதத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். சுறுசுறுப்பானவரால் வருகிற சேதத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சோம்பேறி வந்தால் நாலு பேர் விழித்துக்கொண்டு எதையாவது இழுத்துப்போட்டுச் செய்வார்கள். சுறுசுறுப்பானவர் வந்தால் சபை நிம்மதியாகத் தூங்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற சுயாதீன ஊழியங்களின் பிளெக்ஸ் பலகைகளைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்: நிறுவனர் படம், மனைவி படம், அடுத்த பட்டத்துக்கு மகன் படம். பலகை வைக்காமலே அதே ஊழியத்தை நாமும் நடத்திக்கொண்டிருக்க முடியும்.

உங்கள் பட்டச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். செரம்பூர் என்று ஓர் ஊரின் பெயர் அதில் இருக்கும். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஊர். நம் தரங்கம்பாடியைப் போலவே அதுவும் அந்நாளில் டென்மார்க் ராஜாவின் ஆளுகையில் இருந்தது. 1818இல் அங்கே தொடங்கிய கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் சாசனமாக எழுதிக் கொடுத்தவர் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக். உங்கள் கையில் இருக்கிற பட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. அதனால்தான் செரம்பூர்க் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் துணிகிறேன். வகுப்பில் படித்திருப்பீர்கள். சேகர மன்றத்துக்காரன் கண்ணில் அது எப்படித் தெரிகிறது என்றும் கேளுங்கள்.

ஓய்வுநாள் பள்ளிக் கதைப் புத்தகத்தில் வில்லியம் கேரி தனியாகத்தான் நிற்பார். செருப்புத் தைத்தவர், கப்பலேறி வந்தார், வேதத்தை மொழிபெயர்த்தார், உடன்கட்டை ஏறுவதை எதிர்த்தார். உண்மையில் அவர் தனியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1793 நவம்பரில் வங்காளத்தில் இறங்கியதிலிருந்து 1799 முடியும் வரை. கூட வந்த மருத்துவர் ஜான் தாமஸ் ஆர்வத்தில் குறைந்தவர் அல்ல. கடன் வாங்குவதிலும் அப்படியே. பிழைப்புக்காகக் கேரி முத்னாபதியில் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்தார். 1794இல் மகன் பீட்டர் இறந்தான். மனைவி டாரத்தியின் மனநிலை குலைந்தது. 1807இல் இறக்கும்வரை அந்த அம்மா தேறவே இல்லை. அந்த ஆண்டுகளில் கேரி வங்காள மொழியைக் கரைத்துக் குடித்தார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து எழுதிக் குவித்தார். ஆனால் ஒரு வங்காளிகூட ஞானஸ்நானம் பெறவில்லை. எழுதியது அச்சேறவும் இல்லை.

1799 அக்டோபரில் வில்லியம் வார்டும் மார்ஷ்மன் குடும்பமும் வேறு சிலரும் வந்து சேர்ந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் அவர்களை விடவில்லை. டேனிஷ் ஆளுநர் இடம் கொடுத்ததால் செரம்பூரில் தங்கினார்கள். 1800 ஜனவரியில் கேரி முத்னாபதியை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி, கிருஷ்ண பால் என்ற தச்சர் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். 1801 மார்ச்சில் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. ஆறு ஆண்டுகளில் நடக்காதது ஓராண்டு சொச்சத்தில் எப்படி நடந்தது? கேரிக்குப் புதிதாக மூளை முளைக்கவில்லை. அச்சு வேலை தெரிந்தவர் ஒருவரும் பள்ளிக்கூடம் நடத்தத் தெரிந்த தம்பதியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

வார்டு இங்கிலாந்தில் அச்சுத் தொழில் பழகியவர், பத்திரிகை நடத்தியவர். ஜோசுவா மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். அவர் மனைவி ஹன்னா, கேரியையும் சேர்த்து இந்த மூவரைவிடவும் கெட்டிக்காரர் என்பது என் அபிப்பிராயம். மார்ஷ்மன் தம்பதி 1800இல் தொடங்கிய விடுதிப் பள்ளிகளின் வருமானம்தான் மிஷனுக்குச் சோறு போட்டது. கேரியின் பையன்கள் தாயின் நோய்க்கும் தகப்பனின் மொழிபெயர்ப்புக்கும் நடுவே தறுதலையாகத் திரிந்தபோது, பிடித்து உட்காரவைத்து ஆளாக்கியவர்கள் ஹன்னாவும் வார்டும். உங்களில் பிள்ளைகுட்டி உள்ளவர்கள் இந்த இடத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊழியத்தில் கூட்டாளி என்பவர் பிரசங்க மேடையைப் பங்கிட்டுக்கொள்பவர் மட்டும் அல்ல. உங்கள் வீட்டில் விளக்கு அணைந்துகொண்டிருப்பதைக் கவனித்து உள்ளே வருகிறவரும்தான்.

செரம்பூரில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டின் ஏற்பாடுகளை வார்டு தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். வீட்டு நிர்வாகம் மாதத்துக்கு ஒருவர் கையில். பிரசங்கமும் ஜெபமும் முறை வைத்து. பொருளாளர் கேரி, மருந்துப் பெட்டியும் அவர் பொறுப்பு. புத்தகங்களுக்கு வேறொருவர். யாரும் தன் பெயரில் தனி வியாபாரம் செய்யக்கூடாது. எது சம்பாதித்தாலும் பொதுப் பையில் போட வேண்டும். 1801இல் கேரிக்குக் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வேலை கிடைத்தது. மாதம் 500 ரூபாய், பிறகு 1,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய துரைமார் சம்பளம். அதுவும் பொதுப் பைக்கே போனது. நம் சபைகளில் கட்டட நிதி ஒரு கணக்கிலும் உதவி நிதி இன்னொரு கணக்கிலும் அன்பளிப்புகள் எந்தக் கணக்கிலும் சேராமலும் இருப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு, இதைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது சனிக்கிழமை ஏற்பாடு. சனிக்கிழமை மாலை அந்த வாரத்து மனத்தாங்கல்களைப் பேசித் தீர்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. தீர்த்துவிட்டு, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மறுபடியும் வாக்குக் கொடுத்துக்கொள்வார்கள். அவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள். பழகாத வெயில், தண்ணீர். வந்த சில வாரங்களிலேயே ஒருவர் இறந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஜான் தாமஸோடு சேர்த்து இன்னும் மூன்று பேர். ஒரே உறையில் பல வாள்கள். சண்டை வராது என்று அவர்கள் நம்பவில்லை. சண்டைக்கு ஒரு நாள் குறித்து வைத்தார்கள்.

நமக்கு அந்த நாள் இல்லாததால், நம்முடைய சண்டைகள் அவை தேர்ந்தெடுக்கிற நாளில் வருகின்றன. பெரும்பாலும் ஆண்டுக் கூட்டத்தில், சில நேரம் அடக்க ஆராதனையில், இப்போதெல்லாம் நள்ளிரவு வாட்ஸப்பில். பாடகர் குழுத் தலைவருக்கும் குருவானவருக்கும் கிறிஸ்துமஸ் ஆராதனைப் பாட்டில் தொடங்கிய சின்ன வருத்தம் தேர்தலில் வந்து வெடிக்கும். (குழுவாகச் செய்யுங்கள் என்று நான் சொல்லும்போது தேர்தல் அணியைச் சொல்லவில்லை, ஐயா. அந்தக் கூட்டு முயற்சியில் நம் திருமண்டலங்களுக்குப் பயிற்சி ஏற்கெனவே போதும்.)

1812 மார்ச் 11ஆம் தேதி மாலை செரம்பூர் அச்சகம் தீப்பிடித்தது. வார்டு அப்போது அங்கேதான் இருந்தார். காகிதக் குவியல், பல மொழிகளின் அச்செழுத்துகள், கேரி ஆண்டுக்கணக்காக எழுதிய அகராதிக் கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. கேரி கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் போய்ச் செய்தி சொல்லும் பாரம் மார்ஷ்மன் தலையில் விழுந்தது. இடிபாட்டைக் கிளறிய வார்டுக்கு, எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் சேதமில்லாமல் கிடைத்தன. உருகிக் கிடந்த உலோகத்தையே எடுத்து மறுபடியும் எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் எழுதியது எரிந்தது. இன்னொருவர் பொறுப்பில் இருந்தது பிழைத்தது. பிழைத்ததை வைத்து, எழுதியதை இழந்தவர் மறுபடியும் எழுத உட்கார்ந்தார். கேரி தனியாளாக இருந்து இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

கதையை இங்கே நிறுத்தினால் அது பிரசங்க உதாரணம் ஆகிவிடும். மிச்சமும் நடந்தது. 1815இல் இங்கிலாந்தில் அவர்களைத் தாங்கிப் பிடித்திருந்த ஆண்ட்ரூ புல்லர் இறந்தார். அவர்களை அனுப்பிய சங்கத்தின் புதிய குழுவினர் செரம்பூர்ச் சொத்து யாருடையது என்று கேட்கத் தொடங்கினார்கள். பின்னால் வந்த இளம் மிஷனரிகள், மூத்தவர்கள் எல்லாவற்றையும் தங்கள் கையிலேயே வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பிரிந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் கேரியின் சொந்தச் சகோதரர் மகன், யூஸ்டஸ் கேரி. 1827இல் செரம்பூருக்கும் தாய்ச் சங்கத்துக்கும் உறவே அறுந்தது. மூவரும் தங்களுக்குள் கடைசிவரை பிரியவில்லை. வார்டு 1823இலும் கேரி 1834இலும் மார்ஷ்மன் 1837இலும் மரித்தார்கள். ஆனால் நாலாவது ஆளுக்கு அந்தப் பந்தியில் இடம் போட அவர்களுக்குத் தெரியவில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இது: மூன்று பேர் அத்தனை இறுக்கமாகச் சேர்ந்துவிட்டால், வெளியில் நிற்கிறவனுக்கு அந்த மூன்று பேரும் ஒற்றை ஆளாகத்தான் தெரிவார்கள். குருமனைத் திண்ணையில் தினமும் கூடுகிற நாலு பேரைப் பற்றிச் சபையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நீங்கள் வந்த பிறகு விசாரித்துப் பாருங்கள், புரியும்.

இன்னொரு குறையும் உண்டு. 'செரம்பூர் மூவர்' என்று நாம் சொல்கிறோம். வங்காள எழுத்துகளுக்கு அச்சு வெட்டிய பஞ்சானன் கர்மகாரையும், அவருக்குப் பின் அந்த வேலையைத் தொடர்ந்த அவருடைய மருமகன் மனோகரையும் அந்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஹன்னாவையும் சேர்ப்பதில்லை. பரிசுத்த பவுல் இந்த விஷயத்தில் நம்மைவிட நாணயஸ்தர். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தை வாசகப் பட்டியலில் வந்தால் நாம் வேகமாக வாசித்துத் தள்ளிவிடுகிறோம், வெறும் பெயர்கள்தானே என்று. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பெயர்கள். கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி பெபேயாள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், அதுவும் மனைவி பெயர் முதலில். தனக்கும் தாய் போல இருந்த ரூபின் தாய். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த தெர்தியு நடுவில் தன் பெயரில் தானே ஒரு வாழ்த்தைச் செருகுகிறார். பவுல் அதை அடித்துவிடவில்லை. உங்கள் சபை மலரில் டைப் செய்தவர் பெயர் இருக்கிறதா?

நாம் பீடத்தில் விரித்து வைத்திருக்கும் தமிழ் வேதாகமமும் அப்படி உருவானதுதான். தரங்கம்பாடியில் சீகன்பால்கும் கிருண்ட்லரும் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்த சீகன்பால்கு 1719இல், முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். விட்ட இடத்திலிருந்து எடுத்து 1728இல் முடித்தவர் சுல்ட்சே. பிறகு பப்ரிசியுஸ், ரேனியஸ். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயர் புதிதாக முயன்றபோது கூட உட்கார்ந்து தமிழைச் செம்மைப்படுத்தியவர் ஆறுமுக நாவலர். பின்னாளில் சைவத்துக்காக மிஷனரிகளோடு மல்லுக்கு நின்ற அதே நாவலர்தான். கடைசியில் ஹென்றி பவர் தலைமையில் பல மிஷன்களைச் சேர்ந்த குழு கூடித் திருத்தி, 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்தது. ஒன்றரை நூற்றாண்டு வேலை. இதில் எந்த ஒருவரையும் 'வேதாகமத்தைத் தமிழில் தந்தவர்' என்று பலகையில் எழுத முடியாது.

இனி உபதேசியார் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்த மடலை நான் எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

எங்கள் சேகரத்தைப் போன்றவற்றில் ஞாயிறு காலையில் நீங்கள் ஒரு கோயிலில்தான் நிற்க முடியும். மற்ற சபைகளில் அன்றைக்கு ஆராதனை நடத்துவது உபதேசியார்தான். சபை ஊழியர் என்று இப்போது மாற்றிச் சொல்கிறார்கள். ஊரில் அவர் உபதேசியார்தான். யார் வீட்டில் சீக்கு, எந்த வீட்டுப் பையன் குடிக்கத் தொடங்கியிருக்கிறான், எந்த அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் மாதத்துக்கு ஒரு தடவை நற்கருணைக்குப் போய் வருவீர்கள். சம்பளத்தில் உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். குருமனை வராந்தாவில் நடக்கிறதை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். அறுபது வயது உபதேசியார் கக்கத்தில் டைரியை இடுக்கிக்கொண்டு தூண் ஓரமாக நின்று பேசுவார். உள்ளே உட்கார்ந்திருக்கிற குருவானவருக்கு முப்பது வயது இருக்கும். உட்காருங்கள் என்று சொல்லக்கூடாது என்று அவருக்கு எண்ணம் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அதற்குள் ஒரு பணக்கார வீட்டுப் பையன் பைக்கில் வந்து இறங்குவான், அவனுக்கு நாற்காலி இழுத்துப் போடப்படும்.

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா எழுந்து பேசியது இதைத்தான். வெள்ளைக்கார ஊழியர்களின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை, மனதார மெச்சினார். அப்புறம், எங்களுக்கு வேண்டியது நட்பு என்றார். கேட்டவர்களில் பலருக்கு முகம் சுருங்கியது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1903இல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் தங்கள் ஆட்களையே அனுப்பும் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். துரைமாரிடம் அசரியா கேட்டதை இன்று உங்களிடம் உபதேசியார் கேட்கலாம். கேட்க மாட்டார். அவருடைய மாற்றல் பரிந்துரையில் உங்கள் கையெழுத்து வேண்டும்.

கூடிச் செய்கிற வேலை எங்கள் சபைக்குத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். அசனத்துக்கு முந்திய ராத்திரி எங்கள் கோயில் வளாகத்துக்கு வந்து பாருங்கள். நேர்ச்சை ஆடுகள் ஒரு பக்கம், வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்த அரிசி ஒரு பக்கம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊர்க்கதை அத்தனையும் பேசி முடிப்பார்கள். வெட்டிய அடுப்புகளில் அண்டா ஏறும். உப்புப் போடுவது ஒருவர் மட்டும்தான். அவர் வந்து கையில் அள்ளிப் போடும்வரை யாரும் தொட மாட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் பழகுவதற்காக ஒரு பையன் நிற்பான், அடுத்த அசனங்களுக்கு உப்பு அவன் கை. வெளியூரில் இன்ஜினியராக இருப்பவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு விறகு தள்ளுவான். மறுநாள் சாதி மதம் பாராமல் ஊர் முழுக்கப் பந்தியில் உட்காரும். இத்தனை பெரிய காரியத்தில் குருவானவருக்கு உள்ள வேலை தொடக்க ஜெபம் ஒன்றுதான். ஆண்டு முழுவதும் எங்கள் சபையில் நடக்கிற காரியங்களில் குளறுபடி இல்லாமல் நடப்பதும் அது ஒன்றுதான் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிடியரிசிப் பானையும் அப்படித்தான். ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து எங்கள் பாட்டிமார் கட்டிய கோயில்கள் இந்தச் சீமையில் நிற்கின்றன. யார் எவ்வளவு கொடுத்தார் என்று கல்வெட்டு கிடையாது.

எல்லாவற்றையும் கூட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார ஒரு சப்-கமிட்டி தேவையில்லை. பிரசங்கத்தை நீங்கள் தனியாகத்தான் தயாரிக்க வேண்டும். அதில் நாலு பேர் கை பட்டால் உப்புச் சப்பில்லாமல் போகும். எத்திரோ மோசேக்குச் சொன்னதும் அதுதானே. பெரிய வழக்குகள் உன்னிடம் வரட்டும், மற்றவற்றுக்கு ஆள் நியமி என்றார் மாமனார். நியமிக்கப்பட்டவர்கள் மோசே அளவுக்கு நன்றாகத் தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை உங்கள் அளவுக்கு நன்றாகக் கதை சொல்ல மாட்டார். சொல்லட்டும். அவர் இங்கேயே இருப்பார்.

பிரிவு வந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வார்த்தை. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவிலிருந்து சேர்ந்து அனுப்பப்பட்டவர்கள். மாற்கு விஷயத்தில் கடுமையாக முட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஆனாலும் பிற்காலத்தில் சிறையிலிருந்து பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு உபயோகமானவன் என்கிற பொருளில் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவில் என்ன நடந்தது என்று வேதம் சொல்லவில்லை. மாற்குவைத் தள்ளிவிடாமல் கூட வைத்திருந்தவர் பர்னபா என்பது மட்டும் தெரியும். உங்கள் முன்னோடி ஒதுக்கி வைத்துவிட்டுப் போன ஒருவர் எந்தச் சேகரத்திலும் இருப்பார். அவர் வீட்டுக்கும் ஒரு நடை போங்கள்.

நீங்கள் வந்ததும் நாங்கள் மாலை போடுவோம், சால்வை போர்த்துவோம், 'ஐயா வந்துட்டாங்க, இனி எல்லாம் சரியாகிடும்' என்று நோட்டீஸில்கூட அடிப்போம். அதை நம்பாதீர்கள். முதல் மாதத்துக்குள் மூன்று காரியம் கேட்கிறேன். உபதேசியார்களையும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரையும் பாடகர் குழுவினரையும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை குருமனையில் கூட்டி, எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்து, மனதில் இருப்பதைப் பேசச் சொல்லுங்கள். முதல் தடவை யாரும் பேச மாட்டார்கள்; மூன்றாம் தடவை உங்களால் நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். உதவி செய்கிறவர்களின் பெயர், எண், என்ன காரியத்துக்கு எவ்வளவு என்ற விவரத்தை ஒரு நோட்டில் எழுதி, கைப்பேசியில் அல்ல, சேகர அலுவலக அலமாரியில் வையுங்கள். காணிக்கைப் பணம் எதுவானாலும் உங்கள் கையெழுத்தோடு இன்னொருவர் கையெழுத்தும் இருந்தால்தான் எடுக்க முடியும் என்று முதல் சேகர மன்றக் கூட்டத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்கு எதிர்ப்பு வரும். ஐயாமேல் நம்பிக்கை இல்லையா என்று ஒருவர் எழுந்து உங்களுக்காகவே சத்தம் போடுவார். அவருக்கு நன்றி சொல்லி உட்காரவைத்துவிட்டுத் தீர்மானத்தை எடுங்கள். முன்மொழியவும் வழிமொழியவும் நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில் உங்களோடு,
ஒரு கிராமச் சேகர மன்ற உறுப்பினர்